நாரைக்கு எட்டாத லென்ஸ்

"மனுஷங்களை எடுக்கப் போறீங்களாக்கா, இல்ல காடு மேடுன்னு சுத்தி இயற்கையை எடுக்கப் போறீங்களா?"

கடைக்காரன் மித்கோ கேட்டது சாதாரணக் கேள்விதான். பழைய கேமரா வாங்க வருகிற எல்லாரிடமும் அவன் முதலில் கேட்பது இதைத்தான், மாவு வாங்க வந்தவளிடம் ரொட்டிக்கா கேக்குக்கா என்று கேட்பதுபோல. நெவெனாவோ கண்ணாடி மேஜைமேல் கழற்றி வைத்திருந்த கையுறைகளை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள், மறுபடி பிரித்தாள். அவளுக்குப் பின்னால் முக்காலியில் அவள் கணவன் லூபென் உட்கார்ந்திருந்தான். பஸ்ஸிலிருந்து இறங்கிக் கடைவரை நடந்ததற்கே அவனுக்கு மூச்சு விசில் அடித்தது. தொப்பியை முழங்காலில் கவிழ்த்துவிட்டு, சுவரில் தொங்கிய பழைய பிளாஷ் விளக்குகளை வேடிக்கை பார்ப்பதுபோல் பாவனை செய்தான். கண் அங்கே, காது இங்கே. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு அதுகூடவா தெரியாது.

அடுத்த வாரம் லூபெனுக்குத் தலைநகர் சோஃபியாவில் ஆபரேஷன். நெஞ்சைத் திறந்து, இதயத்தில் பழுதாகிவிட்ட வால்வை எடுத்துவிட்டுப் புதியது வைப்பார்கள். அவர்கள் ஊரான ரூசேயின் ஆற்றுத் துறைமுகத்தில் கிரேன் உச்சியில் உட்கார்ந்து கப்பல் கப்பலாகச் சரக்கு இறக்கியவன், இப்போது மூன்றாவது மாடியில் இருக்கும் வீட்டுக்கு ஏற நடுவில் இரண்டு தடவை நின்றான். பெரிய டாக்டர் நல்லபடியாக முடியும் என்றார். கூடவே ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். நல்லபடியாக முடியுமென்றால் கையெழுத்து எதற்கு என்று நெவெனா கேட்கவில்லை. வீட்டில் இப்போது யாரும் எதையும் கேட்பதில்லை. சூப்பில் உப்பு போதுமா, ஜன்னலைச் சாத்தட்டுமா, அவ்வளவுதான் பேச்சு. இந்தச் சமயம் பார்த்து, துணி துவைக்கும் மெஷினை மாற்றவென்று சேர்த்து வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு, கேமரா வாங்கப் போகிறேன் என்று அவள் கிளம்பியதுதான் வினையாகிவிட்டது.

"நாரை எடுக்கப் போறேன்," என்று சொன்னாள் அன்றைக்கு. "மார்ச் வந்தாச்சு. ஆத்தோரமா வந்து இறங்குற நேரம்."

"வருஷம் தவறாம வந்து இறங்கிக்கிட்டுதான் இருக்கு," என்றான் லூபென். "இந்த வருஷம்தான் உன் கண்ணுல பட்டுச்சாக்கும்?"

கடைக்கு நானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தான். படி இறங்க வேண்டாம், காற்று குளிர்கிறது, என்றெல்லாம் அவள் சொல்லிப் பார்த்தாள். மனுஷன் பூட்ஸை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றுவிட்டான்.

நாரை என்றது பொய் என்று சொல்லிவிட முடியாது. நெவெனா சின்ன வயதில் கலாச்சார மன்றத்துப் புகைப்படக் குழுவில் இருந்தவள். குளியலறையில் சிவப்பு பல்பு மாட்டி, தொட்டிமேல் பலகை போட்டு, தானே படம் கழுவினவள். அவளுடைய உறைந்த ஆற்றுப் படம் ஒன்று ஊர்ப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கியது. கல்யாணத்துக்குப் பிறகு, கடைகளில் அலமாரி எல்லாம் காலியாகக் கிடந்த அந்தப் பொல்லாத குளிர்காலத்தில், கேமராவைக் கொடுத்து எண்ணெயும் சர்க்கரையும் வாங்கினார்கள். பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்றான் லூபென். பிறகு என்பது வரவேயில்லை. அவளும் பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து, வீங்கின கன்னங்களைப் பார்த்தே காலம் கழித்துவிட்டாள்.

ஆனால் இப்போது கை அரிக்க ஆரம்பித்ததற்குக் காரணம் வேறு. டாக்டர் தேதி சொன்ன அன்று இரவு அவள் செல்போனில் லூபெனின் படம் ஒன்றைத் தேடினாள். ஏன் தேடினாள் என்று யாராவது கேட்டிருந்தால் சும்மாதான் என்றிருப்பாள். ஒன்றும் அகப்படவில்லை. கறி சுடும்போது முதுகு காட்டி நின்றது ஒன்று. படகுக்கடியில் படுத்துக்கொண்டு இரண்டு கால் மட்டும் நீட்டியது ஒன்று. புத்தாண்டு விருந்தில் பாதி கண் மூடி, அடுத்த வீட்டுக்காரனின் தோளுக்குப் பின்னால் ஒன்று. கேமராவைக் கண்டாலே தலையைத் திருப்பிக்கொள்கிற ஜென்மம் அது. முழு முகமாக ஒரே ஒரு படம்கூட இல்லையே என்று நினைத்தாள். எதற்கு வேண்டும் என்று அடுத்த நொடி தன்னையே கேட்டுக்கொண்டாள். கேட்டதும் அவளுக்குத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது.

எதற்கு என்று அவளுக்கும் தெரியும், லூபெனுக்கும் தெரியும். அந்த ஊரில் செத்தவர் முகம் வாசல் கதவுக்கு வந்துவிடும். கறுப்புக் கரை போட்ட அஞ்சலித் தாள், நடுவில் படம், கீழே பெயர். கட்டடக் கதவில் ஒட்டுவார்கள், பஸ் நிறுத்தத்தில் ஒட்டுவார்கள், வேலை பார்த்த இடத்தில் ஒட்டுவார்கள். நாற்பதாம் நாளுக்குப் புதிதாக ஒன்று, ஆறு மாதத்துக்கு ஒன்று, வருஷத்துக்கு ஒன்று. காய்கறிப் பையோடு உள்ளே நுழைகிறவர்கள் அந்த முகத்தைத் தாண்டித்தான் நுழைய வேண்டும். லூபெனின் அண்ணன் கிரில் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் போனபோது, ஒழுங்கான படம் இல்லாமல், யாரோ கல்யாணத்தில் எடுத்ததை வெட்டிப் போட்டார்கள். முகம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கிரிலின் தோளில் ஒரு கை இருந்தது. படத்தை வெட்டியதில் மணிக்கட்டுவரை மட்டும் மிஞ்சிய கை, சுண்டுவிரல் வளைந்த கை. லூபெனின் கை. கிரேன் கொக்கியில் மாட்டி வளைந்த அந்த விரலை ஊரே அறியும். ஒரு வருஷம் முழுக்க வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் லூபென் தன் கையைத் தானே கதவில் பார்த்தான். மழை கரைத்தது, ஆறு மாதத்தில் புதுத் தாளில் அதே கை மறுபடி வந்தது. அன்றையிலிருந்து யார் கேமராவைத் தூக்கினாலும் கையை முதலில் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்வான்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் அவள் நாரை என்று சொன்னாள். ஆனால் கேமராவைப் பற்றி நினைக்க ஆரம்பித்த பிறகு இன்னொன்றும் நடந்தது. காலையில் சமையலறை மேஜையில் விழுகிற வெயில் கண்ணில் பட ஆரம்பித்தது. தயிர்க் கிண்ணத்தின் விளிம்பு, லூபென் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிற விதம், காதோரம் இறங்குகிற ஒளி. பழைய ஆசை எழுந்து உட்கார்ந்துவிட்டது. ஆசை எது, பயம் எது என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

"என்னக்கா, கேட்டதுக்குப் பதிலே காணோம்?" என்றான் மித்கோ.

"நாரை," என்றாள் நெவெனா. "பறவைங்க."

"அப்படிச் சொல்லுங்க!" அவன் உற்சாகமாக அலமாரியிலிருந்து ஒரு பெரிய கறுப்புக் கேமராவை எடுத்து வைத்தான். அதன் மூக்கில் முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ். "பத்து வருஷப் பழசு, ஆனா மாடு மாதிரி உழைக்கும். ருமேனியாக்காரன் ஆத்துக்கு அக்கரையில துணி காயப்போட்டா இக்கரையில இருந்து கிளிப்பை எண்ணலாம்."

நெவெனா அதைக் கையில் எடுத்தாள். கை தானாக வேலை செய்தது. பிடிக்கிற இடத்து ரப்பர் பிசுபிசுக்கிறதா என்று கட்டைவிரலால் தேய்த்தாள். லென்ஸைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்து, உள்ளே பூஞ்சை நரம்பு ஓடுகிறதா என்று சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். வெள்ளைத் தாள் ஒன்றைக் கேட்டு வாங்கிப் படமெடுத்து, திரையில் தூசிப் புள்ளி தேடினாள். கேமராவைக் காதோரம் வைத்து ஷட்டரை அழுத்தினாள். எல்லாம் சுத்தமாக இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லாததே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. அவள் பார்வை கண்ணாடிக்கு அடியில் இருந்த வேறொன்றின்மேல் போய்க்கொண்டிருந்தது.

"அது?"

"அதுவும் இதே விலைதான்க்கா. உடம்பு சின்னது, லென்ஸ் அதைவிடச் சின்னது. ஆனா அது நாரைக்கு ஆகாது. எட்டாது. கிட்டத்து லென்ஸ், முகத்துக்குன்னே செஞ்சது." மித்கோ எடுத்து அவள் கையில் வைத்தான். "பின்னாடி இருக்கிற கண்றாவி எல்லாம் கலங்கிப் போயிடும். ஆளோட முகம் மட்டும் அப்படியே நிக்கும்."

"முகம் மட்டும் நிக்குமா?" முக்காலியிலிருந்து லூபெனின் குரல் வந்தது. "அப்ப வெட்டறதுக்குச் சுலபம். அடுத்தவன் கையெல்லாம் வராது."

ஒன்றும் தெரியாத மித்கோ சிரித்தான். "சரியாச் சொன்னீங்கண்ணே! எத்தனை பேரு கசங்கின படத்தைக் கொண்டாந்து என் உயிரை எடுக்கிறாங்க தெரியுமா? நானும் அடிக்கிறேன்ல அந்தத் தாளு. பாருங்க, இப்பகூட ஒண்ணு ஓடிக்கிட்டிருக்கு."

மூலையில் கரகரத்துக்கொண்டிருந்த பிரிண்டரை அதுவரை நெவெனா கவனிக்கவில்லை. கறுப்புக் கரை போட்ட தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்துகொண்டிருந்தன. ஊரில் இத்தனை கடை இருக்க, இந்தக் கடைக்குத்தானா வர வேண்டும் என்று அவளுக்குக் காது சூடாகிவிட்டது. போட்டோக் கடையென்றால் இதுவும் இருக்கும். இந்த ஊரில் பிறந்த யாருக்கும் அது தெரியும். தெரிந்தும் அவனைக் கூட்டிக்கொண்டு வந்து இந்த முக்காலியில் உட்கார வைத்தாளே.

லூபென் எழுந்தான். முக்காலியைப் பிடித்துக்கொண்டு, மூச்சை ஒரு தடவை உள்ளே இழுத்துவிட்டு, பிரிண்டரிடம் போனான். மேலே இருந்த தாளை எடுத்து, தன் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, கண்ணருகே பிடித்துப் பார்த்தான். ஒரு கிழவர். திராட்சைத் தோட்டத்தில் எடுத்த படம். காதோரத்தில் யாருடையதோ தொப்பியின் ஓரம்.

"நல்லவேளை, இவருக்குத் தொப்பிதான்," என்றான். தாளை வைத்த இடத்திலேயே நேராக வைத்தான். "நெவெனா, தம்பி கேட்டதுக்கு நான் இருக்கும்போதே ஒழுங்கா ஒரு பதில் சொல்லிடு. நாரையா, மனுஷனா?"

மித்கோ இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். சிரிப்பு அவன் முகத்தில் பாதியில் நின்றது.

"நாரைதான்," என்றாள் நெவெனா. சின்னக் கேமராவை மட்டும் அவள் கை விடவில்லை.

லூபென் அந்தக் கையைத்தான் பார்த்தான். கிட்ட வந்து, ஒரு விரல் ஒரு விரலாக அவள் கையை விலக்கி, கேமராவை எடுத்துக்கொண்டான். "இதுல எங்க அமுக்கணும், தம்பி?"

"மேல இருக்குல்லண்ணே, அது. பாதி அமுக்கினா ஃபோகஸ். முழுசா அமுக்கினா படம்."

"உனக்கு எதுக்கு இதெல்லாம், குடு," என்றாள் நெவெனா.

"ஏன், ஆபரேஷன்னா நான்தான் முதல்ல போகணும்னு எழுதி வெச்சிருக்கா? நீ மாடிப்படியில வழுக்கி விழ மாட்டியா? உனக்கும்தான் ஒண்ணு இருக்கட்டுமே."

அவன் கண்ணாடியை மறுபடி நெற்றியில் ஏற்றினான், கேமராவைக் கண்ணோடு ஒட்டினான். அவனுடைய பெரிய கையில் அது சோப்பு டப்பா மாதிரி இருந்தது. வளைந்த சுண்டுவிரல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. நெவெனா அசையவில்லை. முகத்தை மாற்றிக்கொள்ள வேண்டும், சிரிக்க வேண்டும், குறைந்தது கோபமாவது பட வேண்டும் என்று தெரிந்தது. எதுவும் வருவதற்குள் ஷட்டர் விழுந்துவிட்டது.

திரையில் படம் வந்தது. லூபென் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பிரிண்டர் கடைசித் தாளைத் தள்ளிவிட்டு ஓய்ந்தது.

"என்னாச்சு, ஆடிடுச்சா?" என்றாள் அவள்.

அவன் திரையை அவள் பக்கம் திருப்பினான். மித்கோ சொன்னது சரிதான். பின்னால் இருந்த அலமாரி, பிளாஷ் விளக்குகள் எல்லாம் கலங்கிப் போய், அவள் முகம் மட்டும் நின்றது. ரயில் நகர்ந்த பிறகும் பிளாட்பாரத்தில் நிற்கிறவர்களின் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

"நாள் முழுக்க என்னை இப்படித்தான் பாத்துக்கிட்டிருக்கியா?" என்று கேட்டான் லூபென். குரலில் கேலி இல்லை. "சூப் ஊத்தும்போது? மாத்திரை குடுக்கும்போது?"

"பயமா இருக்கு, லூபென்."

"எனக்கு மட்டும் கல்யாணத்துக்குப் போற மாதிரியா இருக்கு?"

பயம் என்ற அந்தச் சொல் வெளியே வந்துவிட்டது. இத்தனை நாள் சூப்பையும் ஜன்னலையும் வைத்து மூடி மூடி வைத்தது, முன்பின் தெரியாத ஒருவன் கடையில், மூன்றாம் மனுஷன் முன்னால். நெவெனாவுக்கு அழுகை வந்தது. அழாமல் கையுறையைப் போட்டுக்கொண்டாள். அது வலது கைக்கு உரியதா இடது கைக்கு உரியதா என்றுகூடப் பார்க்கவில்லை. மித்கோ பாவம், எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் ஒரு துணியை எடுத்து ஏற்கெனவே பளபளத்த கண்ணாடி மேஜையைத் துடைத்தான்.

"இதையே கட்டிக் குடு, தம்பி," என்றான் லூபென்.

"அப்ப நாரைண்ணே?"

"நாரை அடுத்த வருஷமும் வரும்."

"டெஸ்ட் படத்தை அழிச்சிடவா?"

"இருக்கட்டும்," என்று லூபென் சொல்ல, "அழிச்சிடு," என்று நெவெனா சொல்ல, மித்கோ லூபென் சொன்னதையே கேட்டான்.

வெளியே வெயில் அடித்தது, ஆனால் ஆற்றுக் காற்று காதை அறுத்தது. கேமரா நெவெனாவின் கழுத்தில் தொங்கியது. இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள், லூபெனின் மூச்சுக்குத் தகுந்தபடி. அந்த நிறுத்தத்துக்கு எதிரே மூடிக் கிடக்கும் சோப்பு ஆலை. அதன் புகைபோக்கி உச்சியில் நாரைக் கூடு. பயப்பட இது ஒன்று போதாதா. வருஷத்தின் முதல் நாரையைப் பறக்கும்போது பார்த்தால் அந்த வருஷம் முழுக்க ஆள் ஓடியாடித் திரிவான், நிற்கும்போது பார்த்தால் படுக்கைதான் என்பது ஊர் நம்பிக்கை. காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது லூபென் தலையைக் குனிந்துகொண்டு, தன் பூட்ஸ் முனையைப் பார்த்துக்கொண்டே தெருவைக் கடந்ததை நெவெனா கவனித்திருந்தாள். சாமியையும் பாதிரியையும் கிண்டல் அடித்தே வளர்ந்தவன். நாரை எடுக்கப் போகிறேன் என்று சொன்ன அவளும்தான் அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இப்போதும் அவன் குனிந்தே நின்றான். நிழற்குடையின் கண்ணாடியில் அஞ்சலித் தாள்கள் படபடத்தன. கையைப் பாக்கெட்டில் விட்டிருந்தான். மார்ச் முதல் தேதி ஊர் வழக்கப்படி அவள் கட்டிவிட்ட சிவப்பு வெள்ளைக் கயிறு மட்டும் மணிக்கட்டில் வெளியே தெரிந்தது. அதையும் நாரையைப் பார்த்த பிறகுதான் அவிழ்க்க வேண்டும்.

"ஒண்ணு சொல்றேன்," என்றான். "கதவுக்குன்னு நினைச்சு எடுக்காதே. எடுத்தா எனக்குத் தெரிஞ்சிடும். சத்தியம் பண்ணு."

நெவெனா யோசித்தாள். பண்ணிவிடலாம். ஒரு சொல்தானே.

"பண்ண மாட்டேன்," என்றாள். "நான் உன்னைப் பாக்கும்போது என்ன நினைக்கிறேன்னு எனக்கே தெரியல. எதை வெச்சு நான் சத்தியம் பண்றது?"

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்போதுதான் நிறுத்தத்தில் முட்டைக்கோஸ் பையோடு உட்கார்ந்திருந்த பெண்மணி எழுந்து கத்தினாள். "அய்யோ, வந்துடுச்சு! பாருங்க, பாருங்க, வந்துடுச்சு!"

நிறுத்தத்தில் இருந்த எல்லாத் தலையும் மேலே போயிற்று. லூபென் மட்டும் குனிந்தபடி நின்றான். தாடை இறுகியது. பார்க்காமலே இருந்துவிடலாம், பஸ் வரும், ஏறிவிடலாம். அவன் மனதில் ஓடுவது நெவெனாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரித் தெரிந்தது. பிறகு அவன் பாக்கெட்டிலிருந்து கையை எடுத்தான். வளைந்த சுண்டுவிரலோடு அந்தக் கையை வெயிலுக்கு மறைவாக நெற்றியில் வைத்துக்கொண்டு, மெல்ல நிமிர்ந்தான்.

நெவெனா மேலே பார்க்கவில்லை. கேமரா எப்போது கண்ணுக்கு வந்தது என்று அவளுக்குத் தெரியாது. கண்ணாடி போட்ட, சவரம் செய்யாத, வாய் கொஞ்சம் திறந்த அந்த முகத்தில், கைக்குக் கீழே, வெயில் முழுசாக விழுந்தது. உறைந்த ஆற்றை அவள் படம் பிடித்த அந்தப் பழைய நாளுக்குப் பிறகு இப்படி ஒரு வெளிச்சம் அவளுக்குக் கிடைக்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினாள்.

சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கும். அவன் திரும்பவில்லை, கையை ஒளிக்கவில்லை.

"நாரை கெடச்சுதா?" என்று அண்ணாந்தபடியே கேட்டான். அந்த லென்ஸுக்கு நாரை எட்டாது என்று அவனுக்குத் தெரியும்.

"கெடச்சுது."

"பறந்துக்கிட்டுதானே இருந்துச்சு? வெயில் கண்ணுல குத்திடுச்சு, எனக்கு ஒண்ணும் தெரியல. வெள்ளையா ஏதோ தெரிஞ்சுது, அவ்வளவுதான். நீ பாத்தியே, பறந்துச்சா, கூட்டுல நின்னுச்சா?"

நெவெனா சட்டென்று புகைபோக்கியைப் பார்த்தாள். நாரை கூட்டில் நின்று அலகைப் பின்னால் சாய்த்துக் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது. எப்போது வந்து நின்றது, அவன் நிமிர்ந்தபோது இறக்கை விரிந்திருந்ததா இல்லையா, அவளுக்குத் தெரியாது. முட்டைக்கோஸ் பெண்மணியைக் கேட்கலாம். அவள் செல்போனில் யாரிடமோ நாரை வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நெவெனா கேட்கவில்லை.

"படத்துல பாப்போம்," என்றாள்.

லூபென் பக்கத்தில் வந்து குனிந்தான். இரண்டு தலையும் சின்னத் திரைமேல் முட்டிக்கொண்டன. அவன் முகம் அங்கே இருந்தது. தோளில் யாருடைய கையும் இல்லை. நெற்றியில் அவனுடைய கைதான் இருந்தது, விரல் வளைந்து, மணிக்கட்டில் கயிறோடு. அவனுடைய மூக்குக் கண்ணாடியில் வானம் விழுந்திருந்தது, புகைபோக்கியின் கறுப்புக் கோடு விழுந்திருந்தது, அதன் பக்கத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி.

"பெருசாக்கு," என்றான்.

அவள் பெரிதாக்கினாள். பஸ் வந்து நின்று கதவைத் திறந்தது. இன்னும் பெரிதாக்கினாள். வெள்ளைப் புள்ளி கட்டம் கட்டமாக உடைந்து, அகலமாகி, இறக்கைபோலவும் கால்போலவும் அவன் கண்ணுக்கு மேலே நின்றது.